வணக்கத்துக்குரிய பியேர் துசேன்: அடிமை, அகதி, சிகை அலங்காரத் தொழிலாளி

நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் உள்ள புனித பேட்ரிக் பேராலயத்தின் முதன்மைப் பீடத்துக்குக் கீழே ஒரு கல்லறை அறை உள்ளது. அந்த உயர்மறைமாவட்டத்தின் பேராயர்களும் கர்தினால்களும் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்கள் நடுவே இடம் பெற்ற முதல் பொதுநிலையினர் பியேர் துசேன். இவர் கறுப்பினத்தவர், அடிமையாகப் பிறந்தவர், பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்து பிழைத்தவர்.

இன்று ஹெய்ட்டி என்று அழைக்கப்படும் நாடு அப்போது பிரான்சின் குடியேற்றப் பகுதி. கரும்பும் காப்பியும் விளைந்த அந்த மண்ணில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். சேன் மார்க் ஊருக்கு அருகில் பெரார் குடும்பத்தாரின் தோட்டத்தில் பியேர் பிறந்தார். பிறந்த ஆண்டு 1766 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 1781 என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். வயல் வேலைக்கு அனுப்பப்படாமல் வீட்டு வேலையில் வளர்ந்ததால் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். அவரைப் போன்ற நிலையில் இருந்தவர்களுக்கு அது அரிதாகவே கிடைத்தது.

தீவில் கொந்தளிப்பு தொடங்கியபோது ஜான் பெரார் தம் மனைவியோடும் சில அடிமைகளோடும் நியூயார்க் வந்து சேர்ந்தார். வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1787. நிலைமை சீரானதும் திரும்பிவிடலாம் என்பது அவரது எண்ணம். ஆனால் 1791 ஆகஸ்டில் அடிமைகளின் பெரும் கிளர்ச்சி வெடித்தது. சொத்தை மீட்கத் திரும்பிப் போன பெரார் அங்கேயே நோயுற்று இறந்தார். நியூயார்க்கில் ஒரு நிறுவனத்தில் போட்டு வைத்திருந்த பணமும் மூழ்கிப்போனது. 1793-இல் காப் பிரான்சே நகரம் எரிந்தபின் ஆயிரக்கணக்கான அகதிகள் அமெரிக்கத் துறைமுகங்களில் வந்து இறங்கினர். திரும்பிப் போக வீடு இல்லை என்பது அப்போதுதான் அனைவருக்கும் உறைத்தது.

பெரார் புறப்படுமுன் பியேரை ஒரு சிகை அலங்காரக்காரரிடம் தொழில் பழகச் சேர்த்திருந்தார். அக்காலத்துச் செல்வந்தப் பெண்களின் கொண்டைகள் உயர உயரக் கட்டி, பொடி தூவி, மணிக்கணக்கில் அமைக்கப்பட்டவை. வீடு வீடாகச் சென்று, சில நாட்களில் பதினாறு மணி நேரம் வரை உழைத்தார் பியேர். கறுப்பினத்தவர் பொது வண்டிகளில் ஏற முடியாததால் எங்கும் நடந்தே போனார். பெரிய வீடுகளின் இரகசியங்கள் எல்லாம் அவர் காதில் விழுந்தன. ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வெளியே போனதில்லை. ஊர்ச் செய்தி கேட்டவர்களிடம், தாம் முடி அலங்கரிப்பவரே தவிரச் செய்தித்தாள் அல்ல என்ற பொருளில் பதில் சொல்வாராம்.

விதவையான பெரார் அம்மையார் கடனை அடைக்கத் தம் நகைகளை விற்றுவரும்படி அவரிடம் கொடுத்தார். சில நாட்கள் கழித்து பியேர் இரண்டு பொட்டலங்களோடு வந்தார். ஒன்றில் தம் சொந்தச் சேமிப்புப் பணம், மற்றொன்றில் விற்கப்படாத நகைகள். அதன்பின் அந்த வீட்டின் செலவு முழுவதையும் அவரே தாங்கினார்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தன்னை உடைமையாக வைத்திருந்தவருக்கு ஒருவர் ஏன் சோறு போட வேண்டும்? அவர் பிறந்த மண்ணில் மற்றவர்கள் விடுதலைக்காகப் போராடி, 1804-இல் தனி நாடே கண்டார்கள். இவரோ அடிமையாகவே இருந்தார் என்று கறுப்பினக் கத்தோலிக்கர் சிலரே குறை கூறியதுண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. இவருடைய பொறுமையைக் காட்டி அடிமை முறைக்கு வெள்ளை பூச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர் விடுதலையை விரும்பாதவர் அல்லர். சேமித்த பணத்தைக் கொண்டு தம் தங்கை ரோசாலியை விலை கொடுத்து மீட்டார். ஜூலியட் நோயலையும் அவ்வாறே மீட்டு, 1811-இல் மணந்தார். அவருக்கு விடுதலைப் பத்திரம் கிடைத்தது 1807 ஜூலையில், அம்மையாரின் மரணப் படுக்கையில்தான். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முடிவுக்கு வர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ரோசாலியின் மகள் யூஃபேமியை மகளாக வளர்த்தார்கள். வாரந்தோறும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாமாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது அந்தச் சிறுமிக்கு வீட்டுப்பாடம். 1829-இல் காசநோயால் அவள் இறந்தாள். அவள் எழுதிய கடிதங்கள் இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

பிராங்க்ளின் தெருவில் இருந்த அவர்களது வீடு ஆதரவற்ற கறுப்பினச் சிறுவர்களுக்கு அடைக்கலமானது. அவர்களுக்குத் தொழில் கற்பித்து வேலையும் தேடித் தந்தார் பியேர். வறுமையுற்ற பிரெஞ்சு அகதிகள், முன்னாள் தோட்ட முதலாளிகள் உட்பட, அவரிடம் உதவி பெற்றனர். மஞ்சள் காய்ச்சல் பரவிய நாட்களில் மற்றவர்கள் ஓடிப்போன வீடுகளுக்குள் நுழைந்து நோயாளிகளைப் பேணினார். கறுப்பினக் குழந்தைகளைச் சேர்க்காத கத்தோலிக்க அனாதை இல்லத்துக்கும் நிதி திரட்டிக் கொடுத்தார். 1835-இல் நகரின் ஒரு பகுதியை எரித்த பெருந்தீயில் தம் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தும் நன்கொடையை நிறுத்தவில்லை. ஓய்வெடுக்கச் சொன்னவர்களிடம், தமக்குப் போதுமானது இருக்கிறது, மற்றவர்களுக்குத்தான் போதாது என்றார்.

பார்க்ளே தெருவின் புனித பேதுரு ஆலயத்தில் அறுபத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் காலைத் திருப்பலியில் பங்கேற்றார் என்பது மரபு. எனினும் 1842-இல் மாட் தெருவில் இருந்த அன்றைய புனித பேட்ரிக் பேராலயத்துக்கு உடனிருந்தவர்களோடு வந்தபோது, நிறத்தின் பொருட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அந்த ஆலயம் எழும்ப நிதி திரட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆலய அறங்காவலர் குழுவின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கடிதம் எழுதினார்.

1851-இல் ஜூலியட் இறந்தார். 1853 ஜூன் 30 அன்று பியேரும் கண்மூடினார். அதே மாட் தெரு ஆலயத்தின் கல்லறையில், மனைவியும் மகளும் துயின்ற இடத்தருகே அவரை அடக்கம் செய்தார்கள். 1990-இல் அவரது உடலின் எஞ்சிய பகுதிகள் இன்றைய பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அருளாளர் நிலைக்கு, அவரது பரிந்துரையால் நிகழ்ந்த ஒரு புதுமையைத் திரு அவை ஏற்க வேண்டும்.