வேலூருக்குச் சென்ற இரத்தக் குப்பிகள்

கள்ளக்குறிச்சியில் நடைபெற்ற ஓர் இரத்ததான முகாமுக்குக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த இளைஞர் ஒருவர், "எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே பாய், என் இரத்தத்தை எதுக்குச் சோதிக்கிறாங்க?" என்று நம்மிடம் வினவினார். மஞ்சள் காமாலை, மலேரியா ஆகியவற்றின் கிருமிகளோடு எச்.ஐ.வி. வைரஸும் உண்டா என்று பார்க்கிறார்கள் என விடை பகர்ந்தோம். அவ்வைரஸ் நம் நாட்டில் இருப்பதை முதலில் கண்டது யார் என்று அவர் மேலும் கேட்டிருப்பாராயின், ஒரு பெண்மணியின் இரவு ரயில் பயணத்தை நாம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் அறியப்பட்டது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் அதற்குரிய வைரஸைப் பிரித்தெடுத்தனர். இந்தியாவிலோ, அது மேனாட்டாரின் ஒழுக்கக் கேட்டால் விளைந்த நோய், நம் பண்பாடே நமக்குக் கவசம் என்ற எண்ணம் பரவியிருந்தது. அந்நாளில் மதரஸா மாணவராயிருந்த நாமும் அதையே நம்பினோம். பம்பாய் முதலிய இடங்களில் செய்யப்பட்ட சோதனைகளில் எதுவும் அகப்படாததால் அந்நம்பிக்கை மேலும் வலுத்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் பயின்ற செல்லப்பன் நிர்மலா அம்மையார்க்கு அப்போது வயது 32. சிற்றூர்க் குடும்பத்தில் பிறந்தவர். ஆய்வேட்டிற்கு எய்ட்ஸைத் தேடுமாறு சொன்னவர் அவருடைய பேராசிரியை சுனிதி சாலமோன். முதலில் தயங்கிய நிர்மலாவைக் கணவர் ராமமூர்த்தியே ஊக்கப்படுத்தினார். விலைமாதர் எனப் பிடிக்கப்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த மயிலாப்பூர் காப்பகத்திற்குச் சென்று அவர் இரத்தம் எடுத்தார். கையுறையில்லை, வேறு காப்புமில்லை. எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அவை அவர் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே காக்கப்பட்டன! பெரும் பொருட்செலவில் எழுந்த ஆய்வுக்கூடங்களுக்குக் கிட்டாதது அந்தக் குளிர்பெட்டியில் இருந்தது.

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரும் மனைவியும் இரவு ரயிலில் காட்பாடி சென்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தனர். அங்குப் பேராசிரியர் ஜேக்கப் ஜான் தம் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் இருவரையும் துணைக்குத் தந்தார். வைரஸ் உடலிற் புகுந்தால் அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. எலிசா என்னும் சோதனை தேடுவது அவ்வெதிர்ப்பொருளையே. வைரஸின் புரதம் பூசிய தட்டின் குழிகளில் குருதித் தெளிவை இட்டால், எதிர்ப்பொருள் அதனைப் பற்றிக்கொள்ளும். பின்னர்ச் சேர்க்கும் நொதி அவ்விடத்தில் நிறம் காட்டும். நண்பகலில் மின்சாரம் நின்றது. தேநீர் அருந்தித் திரும்பியவர்கள் தட்டைத் திறந்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாகியிருந்தன.

அத்துடன் அமையவில்லை. சோதனை மீண்டும் செய்யப்பட்டது. அந்த அறுவரிடமும் மறுபடி இரத்தம் பெறப்பட்டது. அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு முறையாலும் உறுதி செய்தனர். ஒரு வழியாக வந்த செய்தியை மற்றொரு வழியாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஹதீஸ் கலையினரின் எச்சரிக்கையை இஃது நமக்கு நினைவூட்டுகிறது. 1986 மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே உண்மையை அறிவித்தார். பலர் நம்ப மறுத்தனர். மராட்டிய மரபினரான சுனிதி அம்மையாரைச் சிலர் பழிக்கவும் செய்தனர்.

அரபியில் நோய் எதிர்ப்பாற்றலை 'மனாஆ' என்பர். தடுத்துக் காத்தல் என்னும் வேரிலிருந்து வந்த சொல். இவ்வைரஸின் கொடுமை அந்தக் காவலையே குலைப்பதில் உள்ளது. படையை நடத்தும் சி.டி.4 வெள்ளணுக்களுக்குள்ளேயே அது குடியேறுகிறது. நிர்மலா 1987இல் ஆய்வேட்டை அளித்து, பின்னர்க் கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றி 2010இல் ஓய்வு பெற்றார். சுனிதி அம்மையாரோ ஆயுள் முழுதும் இந்நோயையே தொடர்ந்தார். 1993இல் தம் தந்தையார் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தைத் தொடங்கினார். 9 நாடுகளில் 1,763 இணையரிடம் நடந்த ஆய்வில் அதுவும் பங்கு கொண்டது. உரிய காலத்தில் மருந்துண்டவரிடமிருந்து துணைவருக்கு நோய் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது என அவ்வாய்வு 2011இல் காட்டிற்று. அம்மருந்து ஏழைக்கு எட்டியதற்கு, 2001இல் ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த சிப்லாவின் யூசுப் ஹமீதும் ஒரு காரணர். 2004 முதல் அரசே இலவசமாக வழங்கி வருகிறது. சுனிதி அம்மையார் 2015இல் காலமானார். 2017இல் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

அந்த அறுவருள் ஒருத்தி 13 வயதுச் சிறுமி என்றும், கடத்தி விற்கப்பட்டவள் என்றும் சுனிதி அம்மையார் பிற்காலத்தில் கூறினார். எதைத் தேடுகிறோம் என்பது அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சொன்னாலும் விளங்கியிராது என்பர். அவ்விடையால் நம் மனம் அமைதி கொள்ளவில்லை. விளக்கிக் கூறி இசைவு பெறாமல் எச்.ஐ.வி. சோதனை செய்தலாகாது என 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. நம் கல்வராயன் மலை இளைஞர், ஊசி ஏற்றப்படுமுன் ஒரு படிவத்தை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்துக் கையொப்பமிட்டார். மயிலாப்பூரில் அந்தச் சிறுமியின் முன் எவரும் ஒரு படிவத்தை நீட்டவில்லை.