கலப்படமற்ற இயற்கைத் தேனைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நுகர்வோர் அறிய வேண்டியவை

புதுதில்லி: 'தூய்மையானது', 'இயற்கையானது', 'காட்டுத்தேன்' என்னும் சொற்களுடன் கடைகளிலும் இணையவழி விற்பனைத் தளங்களிலும் பல வகைத் தேன் கிடைக்கின்றன. அவற்றில் எது உண்மையான தேன், எது சர்க்கரைப் பாகு கலந்தது என்பதைக் கண்ணால் பார்த்தோ சுவைத்தோ அறிவது ஏறத்தாழ இயலாத செயல் என்பதை, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இந்நிலையில், தேன் வாங்குவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பது குறித்த விவரங்கள் வருமாறு:

தில்லி ஆய்வு கூறியது என்ன?

கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்காகப் பொதுமக்கள் தேனை அதிகமாக வாங்கினர். ஆனால், விற்பனை பெருகியும் தங்களுக்கு உரிய விலை கிடைக்கவில்லை என வட இந்தியத் தேனீ வளர்ப்போர் முறையிட்டனர். இந்த முரண்பாடே ஆய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது.

மொத்தம் 13 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தேன் முதலில் குஜராத்தில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. அங்கு முன்னணி நிறுவனங்களின் மாதிரிகளில் பெரும்பாலானவை தூய்மைச் சோதனையில் தேறின. பின்னர் ஜெர்மனியில் உள்ள சிறப்பு ஆய்வகத்தில் என்எம்ஆர் எனப்படும் அணுக்காந்த ஒத்திசைவு முறையில் சோதிக்கப்பட்டபோது நிலைமை தலைகீழானது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, 22 மாதிரிகளில் 17, அதாவது 77 சதவீதம், கலப்படமானவை எனக் கண்டறியப்பட்டன. ஐந்து மாதிரிகள் மட்டுமே அனைத்துச் சோதனைகளிலும் தேறின.

இந்த முடிவுகளை முன்னணி நிறுவனங்கள் சில மறுத்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ வகுத்த விதிகளுக்கு உள்பட்டே தங்கள் தேன் தயாரிக்கப்படுவதாக அவை விளக்கம் அளித்தன.

சோதனைகள் ஏமாறுவது ஏன்?

கரும்பு, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து பெறப்படும் சர்க்கரையில் உள்ள கரிம அணுக்களின் தன்மை, தேனீக்கள் நாடும் பெரும்பாலான பூச்செடிகளிலிருந்து வேறுபட்டது. எனவே அவற்றின் பாகைத் தேனில் கலந்தால் வழக்கமான ஆய்வகச் சோதனையிலேயே தெரிந்துவிடும். அரிசியிலிருந்தும் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்தும் எடுக்கப்படும் பாகு அந்தச் சோதனையில் சிக்குவதில்லை. கலப்படக்காரர்கள் கண்டுகொண்ட வழி இதுவே.

சோதனைகளில் தப்பிக்கும் வகையிலேயே தயாரிக்கப்பட்ட பாகுகள் சீன நிறுவனங்களின் இணையதளங்களில் விளம்பரம் செய்யப்பட்டதையும் அந்த மையம் கண்டறிந்தது. அத்தகைய பாகைத் தருவித்து, தூய தேனில் 25 சதவீதமும் 50 சதவீதமும் கலந்து இந்திய ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அந்த மாதிரிகள் தூய்மைச் சோதனையில் தேறிவிட்டன.

கலப்படம் இந்தியாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அங்கு இறக்குமதியான தேனில் சோதிக்கப்பட்ட 320 மாதிரிகளில் 147 மாதிரிகள் ஐயத்துக்கு உரியவை எனத் தெரியவந்தது.

'இயற்கை' முத்திரையின் பொருள்

'இயற்கையானது' என நிறுவனம் தானே அச்சிட்டுக்கொள்வதும், இயற்கை வேளாண் சான்று பெறுவதும் ஒன்றல்ல. இந்தியாவில் சான்றளிப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் அபெடா செயல்படுத்தும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். இதில் தகுதி பெற்ற பொருள்களில் 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை இருக்கும். மற்றொன்று, மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் உற்பத்தியாளர் குழுக்கள் ஒருவரையொருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ்-இந்தியா முறை. எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-இல் வகுத்த விதிமுறைகளின்படி, இவற்றில் ஏதேனும் ஒரு சான்று பெற்ற உணவுப் பொருள்களில் 'ஜைவிக் பாரத்' முத்திரையும் இடம்பெறும். இயற்கைத் தேன் வாங்குவோர் முதலில் தேட வேண்டியது இந்த முத்திரைகளையே. சிறு உற்பத்தியாளர்கள் நுகர்வோரிடம் நேரடியாக விற்கும்போது சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், அவர்கள் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பயன்படுத்த இயலாது.

இதில் வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இயற்கை வேளாண் சான்று, தேன் உற்பத்தியாகும் முறைக்கு அளிக்கப்படுவது. தேனீக்கள் உணவு தேடும் பகுதியில் ரசாயனப் பூச்சிக்கொல்லி பயன்படுத்தப்படுகிறதா, தேனீக்களுக்கு நோய் வந்தால் எந்த மருந்து தரப்படுகிறது போன்றவற்றை அது சரிபார்க்கிறது. தேனீக்கள் உணவு தேடிப் பல கிலோமீட்டர் பறக்கக்கூடியவை என்பதால், ரசாயன வேளாண்மை மிகுந்த வட்டாரங்களில் இத்தகைய தேனை உற்பத்தி செய்வது கடினம். புட்டியில் அடைக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதியிலும் பாகு கலக்கப்படவில்லை என்பதற்கு ஆய்வக அறிக்கையே சான்றாகும். எனவே, முத்திரை, ஆய்வறிக்கை ஆகிய இரண்டையும் கவனிப்பது நல்லது.

நோய் எதிர் மருந்துகளின் எச்சமும் புறக்கணிக்கத்தக்கது அன்று. இதே மையம் 2010-இல் 12 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தேனைச் சோதித்தபோது, 11-இல் ஆன்டிபயாடிக் மருந்துகளின் எச்சம் காணப்பட்டது.

வீட்டுச் சோதனைகளை நம்பலாமா?

ஒரு துளி தேனை நீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், தேனில் தோய்த்த பஞ்சுத் திரி எரிய வேண்டும் என்பன போன்ற சோதனைகள் பரவலாக அறியப்பட்டவை. நீர் அதிகம் கலந்த மலிவான கலப்படத்தை இவை காட்டிக்கொடுக்கலாம். தேனுக்கு நிகரான அடர்த்தியில் தயாரிக்கப்படும் பாகை இவற்றால் கண்டறிய இயலாது.

அதேபோல, உறைந்து சர்க்கரை போலக் கட்டிய தேன் கலப்படமானது என்பதும் தவறான எண்ணம். ராஜஸ்தான், ஹரியாணா பகுதிகளிலிருந்து தில்லிக்கு வரும் கடுகுப்பூத் தேனில் குளுக்கோஸ் மிகுதி என்பதால், அது குளிர்காலத்தில் விரைவாக உறைந்துவிடும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் தேன் மீண்டும் இளகும். நேரடியாக அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் அதன் மணமும் நொதிகளும் கெடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

• எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கங்களைக் கொண்டது. அந்த எண் உண்மையானதா, நடப்பில் உள்ளதா என்பதை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

• தொகுதி எண், புட்டியில் அடைத்த தேதி, தயாரிப்பாளரின் முழு முகவரி ஆகியவை இல்லாத தேனைத் தவிர்ப்பது நல்லது.

• உட்பொருள் பட்டியலில் தேன் மட்டுமே இருக்க வேண்டும். 'தேன் சுவையூட்டிய பாகு' என்பது தேன் ஆகாது.

• எந்தப் பூவின் தேன், எந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்டது என்னும் விவரம் இருந்தால் அதன் மூலத்தைத் தேடி அறிவது எளிது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது.

• 'என்எம்ஆர் சோதனை செய்யப்பட்டது' என்னும் வாசகம் இருந்தால், கையிலுள்ள புட்டியின் தொகுதி எண்ணுக்கு உரிய அறிக்கையை நிறுவனத்திடம் கேட்கலாம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு இந்தச் சோதனையை மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது.

• ஆய்வறிக்கையில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்தால் தேன் புளித்துவிடும். எச்எம்எஃப் என்னும் வேதிப்பொருள் கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. அதன் அளவு கூடியிருந்தால், தேன் அதிகமாகச் சூடாக்கப்பட்டிருக்கலாம் அல்லது நெடுநாள் பழையதாக இருக்கலாம்.

• சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்கப்படும் தேன் ஐயத்துக்கு உரியது. அதே வேளையில், அதிக விலை மட்டுமே தூய்மைக்கு உத்தரவாதம் ஆகாது.

யாருக்கு எச்சரிக்கை தேவை?

ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு எவ்வளவு தூய தேனையும், நாக்கில் தடவும் அளவில்கூட, கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய சில பாக்டீரியா வித்துகள் குழந்தைகளுக்கு 'பாட்டுலிசம்' என்னும் கடும் நோயை உண்டாக்கக்கூடும். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. குறைக்க வேண்டிய சர்க்கரை வகைகளுள் தேனையும் உலக சுகாதார அமைப்பு சேர்த்துள்ளது. எனவே, நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இதைச் சர்க்கரைக்கு மாற்றாகக் கொள்வது சரியன்று.

புகார் அளிப்பது எங்கே?

கலப்படம் குறித்த ஐயம் எழுந்தால், புட்டியையும் விற்பனை ரசீதையும் பாதுகாத்து வைத்து, அந்தந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் தொடர்புகொள்ளலாம். மேலும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்கிய உணவுப் பொருளை உரிய கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ள நுகர்வோருக்கு உரிமை உண்டு. அவ்வாறு செய்யும் எண்ணத்தை வாங்கும்போதே விற்பனையாளரிடம் தெரிவிக்க வேண்டும். பொருள் விதிகளுக்கு முரணானது என அறிக்கை வந்தால், செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.