ஒன்றிய வாழ்வும் சம்பூரின் நீரும்

சம்பூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன 2006ஆம் ஆண்டின் இடப்பெயர்வும், மக்கள் வெளியேறிய நிலத்தில் அமையவிருந்த அனல்மின் நிலையமுமே. நிலம் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நீர் பற்றியும், அதில் கண்ணுக்குப் புலப்படாது வாழும் உயிர்கள் பற்றியும் பேசியது குறைவு.

இருவேறு உயிரினங்கள் நெருங்கி இணைந்து வாழ்வதை உயிரியலாளர் ஒன்றிய வாழ்வு என்பர். நன்னீரில் இதற்குச் சிறந்த சான்று பரமீசியம் பேர்சாரியா என்னும் ஒருகல அங்கி. குளம், குட்டை போன்ற அசைவு குறைந்த நீரில் உலகின் பல பாகங்களிலும் இது காணப்படுகிறது. இதன் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு. அச்சிற்றுடலுக்குள் குளோரெல்லா வகைப் பச்சை அல்காக்கள் நூற்றுக்கணக்கில் குடியிருக்கின்றன.

அல்கா ஒளித்தொகுப்பினால் ஆக்கும் வெல்லத்தில் ஒரு பகுதியையும் ஒட்சிசனையும் பரமீசியத்துக்கு வழங்குகிறது. பரமீசியமோ காபனீரொட்சைட்டையும் நைதரசன் சேர்வைகளையும் அல்காவுக்கு அளிக்கிறது. வெளிச்சமுள்ள இடத்தை நாடி நீந்திச் செல்கிறது. அல்காவைத் தாக்கும் ஒருவகை வைரசு நீரில் உண்டு. பரமீசியத்தின் உள்ளே இருக்கும்வரை அது அல்காவை அணுக முடிவதில்லை.

இந்த உறவு தொடங்கும் விதம் வியப்புக்குரியது. அல்கா முதலில் இரையாகவே விழுங்கப்படுகிறது. பெரும்பாலானவை செரிக்கப்பட்டுவிட, தப்பிய சில தனித்தனி மென்சவ்வுகளுக்குள் தங்கிப் பெருகுகின்றன. ஆயினும் நீண்ட காலம் இருளில் வைத்தால் இவ்வுறவு முறிந்து, பரமீசியம் தன் அல்காக்களை இழக்கிறது. கலங்கிய நீரும், உரம் கலப்பதால் மண்டும் ஆகாயத்தாமரையும் குளத்தில் ஒளியை மறைக்கின்றன. ஒளித்தொகுப்பைத் தடுக்கும் களைநாசினிகள் வயலின் களையோடு குளத்தின் அல்காவையும் தாக்கவல்லன.

கடலிலும் இதே கதைதான். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்குள்ள முருகைகளுக்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருவன அவற்றின் திசுக்களில் வாழும் ஒருகல அல்காக்களே. கோடைகால உச்ச வெப்பநிலையிலும் ஒரு பாகை செல்சியசு அதிகமான வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே முருகை அல்காக்களை இழந்து வெளிறிவிடும்; வெப்பம் தணியாவிடில் மடிந்துவிடும்.

கொட்டியாரக் குடாவின் கரையில் 500 மெகாவாற் நிலக்கரி நிலையம் திட்டமிடப்பட்டபோது, அது வெளியேற்றும் சுடுநீர் குறித்து எழுந்த அச்சத்தை இந்த உண்மையோடு சேர்த்தே எடைபோட வேண்டும். 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் திட்டப் பணிகள் தொடக்கிவைக்கப்பட்டன. குடாவுக்குச் சுடுநீர் வராது என்பது ஆறுதலே. ஆனால் பெரு நிலப்பரப்பில் அமையும் எத்திட்டமும் மழைநீரின் போக்கையும் குளங்களுக்கு வந்துசேரும் மண்ணையும் மாற்றக்கூடும்.

சம்பூரிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குடாவில் வலை வீசுகின்றனர். நீர் கெட்டால் இழப்பு இரு சாராருக்கும் பொது. எனவே எத்திட்டமாயினும், அதற்கு முன்பும் பின்பும் குளத்து நீரும் குடா நீரும் சோதிக்கப்பட்டு, முடிவுகள் தமிழில் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும் என்பதே நமது கோரிக்கை. நமது பாடசாலை மாணவரும் ஒரு துளிக் குளத்து நீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கட்டும். எதைக் காக்க வேண்டும் என்பதை அத்துளி அவர்களுக்கு உணர்த்தும்.