ஆறு மாசம் யாரும் போடாத கணக்கு

நீட்ல 180 கேள்வி, 180 நிமிஷம். ஒரு பிசிக்ஸ் கணக்கு ஒரு நிமிஷத்துல வரலைன்னா "எனக்கு மண்டையில ஒண்ணும் இல்ல டாக்டர்"னு சொல்ற பசங்களை நெய்வேலி டவுன்ஷிப், திருவதிகைப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். தலைவலி, தூக்கம் வரலைன்னுதான் வருவாங்க. அவங்களும் அவங்க அப்பா அம்மாவும் இந்தக் கதையைப் படிக்கணும்.

1903, கும்பகோணம். பள்ளி மாணவர் ராமானுஜன் கைக்கு ஒரு புத்தகம் வருது. எழுதினவர் கார், லண்டன்ல டியூஷன் எடுத்தவர். (ஆமா, அந்தக் காலத்து கோச்சிங் நோட்ஸ்தான்!) சுமார் 5000 சூத்திரங்கள். நிரூபணம்னு பார்த்தா பெரும்பாலும் ஒரு வரிக் குறிப்புதான். வேற ஆளா இருந்தா மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. இவர் ஒவ்வொண்ணையும் தானே போட்டு நிறுவப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டுல போட்டு முழங்கையால அழிப்பார்.

இதுக்கு அவர் கொடுத்த விலை பெரிசு. ஆங்கிலத்துல தோற்று உதவித்தொகை போச்சு. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. தேர்வுல அவரைக் கவுத்ததுல முக்கியமானது உடலியங்கியல்! பிசியாலஜியோட மல்லுக்கட்டின எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. ஆனா அவருக்குப் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909-ல கல்யாணமும் ஆயிடுச்சு.

1910-ல வேலை கேட்டு அவர் வந்தது நம்ம பக்கம்தாங்க. திருக்கோவிலூர். அப்போ அதுவும் திருவதிகையும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. ரெண்டுமே அட்டவீரட்டத் தலங்கள். அங்கே டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர், 1907-ல இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினவர். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். இந்த ஆளை ரெவின்யூ குமாஸ்தாவா உட்கார வெச்சா இந்த மூளையையே நசுக்கினதாயிடும்னு வேலை தரலை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1911-ல அந்தக் கழகத்தோட பத்திரிகையில ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கணக்கு கொடுத்தார். நீங்களும் பாருங்க:

√(1+2√(1+3√(1+4√(1+…))))

இப்படி முடிவே இல்லாம போகுது. மதிப்பு என்ன?

கணக்குப் பேராசிரியர்கள் படிச்ச பத்திரிகை அது. மூணு இதழ் வந்துச்சு, ஆறு மாசம் ஆச்சு. ஒருத்தர்கிட்டருந்தும் விடை வரலை. கடைசியில ராமானுஜனே சொன்னார்: 3.

எப்படின்னா, 3 என்பது √9. அந்த 9 = 1+2×4. அதுல இருக்கிற 4 என்பது √16; 16 = 1+3×5. அந்த 5 என்பது √25; 25 = 1+4×6. இப்படியே போகும். (கணக்கு வாத்தியார்கள் இன்னும் ஒரு படி நிறுவச் சொல்வாங்க, அதை அவங்களுக்கே விட்டுடுவோம்.) இதுல இருக்கிறது எட்டாங்கிளாஸ் பெருக்கலும் வர்க்கமூலமும்தான்.