ஏக்கம் என்றொரு வியாதி

"மலரும் நினைவுகள்" என்று நாம் ஆசையாகக் கொசுவத்தி சுற்றுகிறோமே, அது ஒரு காலத்தில் ஆளையே கொல்லும் வியாதி என்று சொன்னால் நம்புவீர்களா?

"நாஸ்டால்ஜியா" என்பது கவிஞர்கள் தந்த சொல் அல்ல. 1688ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார், அவ்வளவுதான். (நாமெல்லாம் 19 வயதில் அரியர் எழுதிக் கொண்டிருந்தோம்!)

அவர் சொல்லும் ஒரு கதை சுவாரசியமானது. பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவன் காய்ச்சலில் விழுந்து, சாகும் நிலைக்குப் போய்விட்டான். மருந்து எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஊருக்கே அனுப்பி விடலாம் என்று முடிவு செய்தார்கள். பயணத்துக்கு ஏற்பாடு நடக்கும்போதே தெளிவு வந்தது. பெர்னை அடையும் முன்பே முழுக்கக் குணமாகிவிட்டான்!

அடுத்த நூறாண்டில் ஆளாளுக்கு ஒரு விளக்கம். மலையில் வளர்ந்தவர்களைச் சமவெளியின் காற்றழுத்தம் நசுக்குகிறது, வீடு திரும்ப முடியாதவரை உயரமான கோபுரத்தில் தங்க வையுங்கள் என்றார் ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் அறிஞர். சிரிப்புதான் வருகிறது. ஆனால் 1768ல் ரூசோ எழுதியது சிரிக்கக் கூடியதல்ல. மாடு மேய்ப்பவர்களின் ஒரு பாட்டைக் கேட்டு, கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள் அழுதார்களாம், படையை விட்டே ஓடினார்களாம். பாட்டில் தனியாக ஒரு சக்தியும் இல்லை, அது கிளப்பும் நினைவுகள்தான் காரணம் என்கிறார் அவர்.

1798ல் கான்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். ஊர் திரும்பியவர்கள் ஏமாந்து போகிறார்கள், அதனாலேயே குணமாகிறார்கள். அவர்கள் தேடியது ஊரை அல்ல, அங்கே கழிந்த தங்கள் இளமையை என்றார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அந்த பெர்ன் மாணவன்? அவன் ஏமாறக்கூட ஊரைப் பார்க்கவில்லையே! முகம் தெரியாத நகரத்தில் "நான் யார்" என்பதே நழுவியிருக்க வேண்டும், ஊர்ப்பக்கம் திரும்பியதும் அது கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்த ஊகத்துக்குத் துணை இருபதாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. வாழ்க்கையில் பெரிய முறிவு வரும்போது "அன்றிருந்த அதே ஆள்தான் நான்" என்ற உணர்வைப் பிடித்து வைத்துக்கொள்ள ஏக்கம் உதவுகிறது என்று 1979ல் சமூகவியலாளர் ஃபிரெட் டேவிஸ் எழுதினார். 2006ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வைல்ட்ஷட், செடிகிடிஸ் குழுவினர் பலரின் பழைய நினைவுகளை எழுதி வாங்கிப் பார்த்தார்கள். பெரும்பாலும் கதாநாயகன் எழுதியவரேதான், சுற்றிலும் நெருங்கிய மனிதர்கள். தனிமை கூடினால் ஏக்கமும் கூடியது. ஏங்கி முடித்தபின் தன்மீது மதிப்பும் கூடியது. ஹோஃபர் வியாதி என்றதை இவர்கள் கிட்டத்தட்ட மருந்து என்றே சொல்லிவிட்டார்கள்.

எல்லோருக்கும் அல்ல. 2012ல் வெளிவந்த பாஸ் வெர்பிளாங்கனின் ஆய்வில், எந்நேரமும் கவலைப்படும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பழைய நாட்களை நினைத்த பிறகு மன உளைச்சல் அதிகமானது. கவலையில்லாமல் திரிந்த அந்த ஆளை இன்றைய தன்னோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடுகிறார்கள் போலும்.