ஆஸ்டின் காரும் கன்மெட்டல் புஷ்ஷும்

தென்பாண்டி நாட்டில் ஆலங்குளம் என்ற பெயரால் நன்கறியப்பட்ட ஊர்கள் இரண்டு; ஒன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் இருப்பது, மற்றொன்று சிவகாசிக்குத் தென்மேற்கே, கரிசல் காட்டின் நடுவே, அக்காலத்தில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த எங்கள் ஊர். 1963-ஆம் வருஷம், சென்னைப் பட்டணத்து உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர், என் பெரியப்பாவின் ஆஸ்டின் காருக்கு வேண்டிய கிங்பின் புஷ் ஒரு ஜோடியை வி.பி.பி.யில் அனுப்பியபோது, மேல்விலாசத்தில் ஜில்லாவின் பெயரை எழுத மறந்துவிட்டபடியால், பார்சல் அந்த மற்ற ஆலங்குளத்துக்குப் போய், வாங்குவாரின்றிச் சில நாள் கிடந்து, வந்த வழியே பட்டணம் திரும்பிவிட்டது. அதற்குள் எங்கள் வண்டியின் முன்சக்கரங்கள், சிவகாசியில் ஒரு லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்த புஷ்ஷின்மேல் ஓடத் தொடங்கிவிட்டன. கடல் கடந்து வந்த வாகனத்துக்குப் பழுது நேர்ந்தால் அதற்குப் பொறுப்பாளி யார் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

செய்தவனே பொறுப்பாளி என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தவன் டெட்ராய்ட்டிலோ பர்மிங்ஹாமிலோ இருக்க, வாங்கியவன் மதுரையிலோ சாத்தூரிலோ இருந்தால், அந்த நியாயத்தை எந்தக் கப்பலில் ஏற்றி அனுப்புவது? இந்தச் சங்கடத்தைத் தென்னாட்டில் நன்றாக உணர்ந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911-இல் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கி, அடுத்த வருஷமே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்ட அவர், பிற்பாடு மதுரையில் இருந்துகொண்டு ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களை விற்கும் உரிமையைப் பெற்றபோது, விற்றதோடு தம் கடமை தீர்ந்தது என்று கருதவில்லை. பஸ் ஓட்டிப் பழகியவருக்கு, நடுவழியில் நின்றுபோன வண்டி என்றால் என்ன என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே விற்பனைக் கூடத்தோடு பட்டறையும், பட்டறையோடு உதிரிபாகக் கிடங்கும் சேர்ந்தே வளர்ந்தன. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து எழும் வாயுவில் எஞ்சினை ஓட்டுகிற கலன்களை அவருடைய ஸ்தாபனமே செய்து கொடுத்தது. செவ்ரோலெட் வாங்கிய மிராசுதாருக்கு அமெரிக்கக் கம்பெனி என்பது வெறும் பெயர். வண்டி முனகினால் அவர் போய் நின்ற வாசல் மதுரையில்தான் இருந்தது.

சுதந்திரம் வந்தபின் இந்த ஏற்பாடு தள்ளாடத் தொடங்கியது. 1953-இல், டாரிஃப் கமிஷனின் சிபாரிசுப்படி, பாகங்களைப் படிப்படியாக இத்தேசத்திலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள், வெளிநாட்டிலிருந்து பாகங்களைத் தருவித்துப் பூட்டி விற்கும் தொழிலை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சர்க்கார் முடிவு செய்தது. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டி வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் கதவைச் சாத்தியது. அந்த முடிவில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாதிருந்தால் நாம் இன்னும் திருகாணிக்குக்கூடத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆயினும், ஏற்கெனவே வண்டி வாங்கிவிட்டவர்களின் கதி என்னவென்று ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

பெரியப்பாவின் வண்டி அப்படி அநாதையானவற்றுள் ஒன்று. 1948-இல் ஸ்தாபிதமான அசோக் மோட்டார்ஸ், சென்னைக்கு வடக்கே எண்ணூரில், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்றது. 1,200 சி.சி. எஞ்சின், உருண்டு திரண்ட முகப்பு, யானைக்குட்டி படுத்திருப்பதைப் போன்ற மட்கார்டுகள். பருத்தி வியாபாரத்தில் நாலு காசு சேர்ந்த ஒரு வருஷத்தில் பெரியப்பா அதைப் பழைய வண்டியாக மதுரையில் வாங்கினார். அவர் வாங்கும்போதே, பூட்டிய கம்பெனி லேலண்ட் கம்பெனியோடு கைகோத்து 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு, லாரியும் பஸ்ஸுமே தன் தொழில் என்று போய்விட்டது. பிறந்த வீடான ஆஸ்டின் கம்பெனியோ 1952-லேயே மோரிஸ் கம்பெனியோடு கலந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆகியிருந்தது. பெற்றவளும் பெயர் மாறி, வளர்த்தவளும் தொழில் மாறிவிட்ட ஒரு பிள்ளையை எங்கள் ஊர்ப் புழுதியில் வைத்துக்கொண்டிருந்தோம். நகரங்களில் அக்காலத்தில் இன்னொரு ஜாதி இருந்தது: தூதராலயத்தார் கொண்டுவந்து, ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாயிலாக விலைபோன வெளிநாட்டுக் கார்கள். பளபளப்பில் அவற்றுக்கு ஈடிருக்கவில்லை. ஆனால் ஒரு கண்ணாடி உடைந்தால் அதை வாங்க வழியிருக்கவில்லை.

கிங்பின் என்பது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாணியாக நிற்கும் எஃகுத் தண்டு. அது தேயாமலிருக்க அதைச் சுற்றி அமைந்த மெல்லிய உலோகக் குழலே புஷ். குழல் தேய்ந்தால் சக்கரம் ஆடும். எங்கள் வண்டி முப்பது மைல் வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் நடுங்கியது. சிவகாசிப் பட்டறைக்காரர் பழைய புஷ்ஷைத் தட்டி வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் உட்புறத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு முறை வருடினார். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்பதை நகம் சொல்லிவிட்டதாம். பிறகு கன்மெட்டல் துண்டு ஒன்றை லேத்தில் பூட்டி, பொன்னிறச் சீவல் சுருள் சுருளாகத் தரையில் விழ விழக் கடைந்து, உள்ளே கிரீஸ் பரவுவதற்குச் சுற்று வெட்டு வெட்டி, ரீமரைக் கையாலேயே திருகி, தண்டை உள்ளே நுழைத்துப் பார்த்தார். விரலால் தள்ளினால் போகிறது. தலைகீழாகப் பிடித்தால் விழவில்லை. அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை.

“எத்தனை வருசம் தாங்கும், அண்ணாச்சி?” என்று பெரியப்பா கேட்டார்.

“ஆடுச்சுன்னா கொண்டாங்க அண்ணாச்சி, பாத்துக்கிடலாம்.”

ரசீதும் இல்லை, கியாரண்டிக் கார்டும் இல்லை.

இப்படியொரு கை சிவகாசியில் எப்படி உண்டாயிற்று என்பதற்கு அவ்வூரின் தொழில் வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறுவருஷம் ஊர் திரும்பி, ஜெர்மன் யந்திரங்களைத் தருவித்து ஆலை தொடங்கியதும், யந்திரத்தைக் காட்டிலும் கைவேலையே கட்டுபடியாகும் என்று கண்டு அதற்கு மாறியதும் யாவரும் அறிந்த கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும்; லேபிளுக்காக வந்த லித்தோ அச்சு, பட்டாசு உறைக்கும் நாட்காட்டிக்கும் பரவி, ஊரையே அச்சு நகரமாக்கியது. அச்சு யந்திரங்களோ ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வந்தவை: மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க், செக்கோஸ்லோவாகியாவின் டாமினண்ட், கிழக்கு ஜெர்மனியின் பிளானெட்டா. தீபாவளிச் சரக்குக்கான உறை அச்சேறிக்கொண்டிருக்கையில் பல்சக்கரத்தில் ஒரு பல் ஒடிந்தால், கம்பெனி எஞ்சினியர் விமானம் ஏறி வரும் வரையில் தீபாவளி காத்திராது. அந்த அவசரத்தின் பிள்ளைகளே சிவகாசி லேத் பட்டறைகள். ரோலர் தண்டும் பல்சக்கரமும் கடைந்து தேர்ந்த கைக்கு ஆஸ்டின் புஷ் எம்மாத்திரம்! இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990 அக்டோபர் 3-ஆம் தேதி கிழக்கு ஜெர்மனி என்ற தேசமே பூகோளப் படத்திலிருந்து மறைந்தது. பிளானெட்டா ஆலை கோனிக் அண்ட் பாவர் கம்பெனியில் போய்ச் சேர்ந்தது. கம்பெனி கைவிடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கம்பெனி இருந்த ராஜ்யமே கைவிட்டதை அப்போதுதான் கண்டோம்.

ஐரோப்பியர்களே தங்களுக்குள் இந்த விஷயத்தில் பட்ட பாடு நமக்குச் சற்று ஆறுதல் தரும். பிரிட்டனில் கார் விலை அதிகம் என்று அங்கத்தியர் பெல்ஜியத்துக்குப் போய் அதே காரைக் குறைந்த விலைக்கு வாங்கி ஓட்டி வந்த காலம் ஒன்று இருந்தது. வண்டி எல்லை தாண்டிவிடும். உத்தரவாதமும் கூடவே தாண்ட வேண்டுமல்லவா? ‘எங்களிடம் வாங்கவில்லையே’ என்று உள்ளூர் விற்பனையாளர் ஒருவர் கையை விரித்துவிட்டால், வாங்கியவர் மறுபடி பெல்ஜியத்துக்குத்தான் வண்டியை ஓட்ட வேண்டும். 1985-இல் அமலுக்கு வந்த 123/85 என்னும் ஐரோப்பிய விதி, கார்க் கம்பெனிகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து அளித்த விலக்குக்கு, பொதுச் சந்தையின் எந்த நாட்டில் வாங்கிய வண்டிக்கும் அக்கம்பெனியின் விற்பனையாளர்கள் உத்தரவாதப் பழுதைப் பார்த்தாக வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாக வைத்தது. அதே வருஷம் டிசம்பரில், ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைப் பற்றிய வழக்கில், வேறு வழியாக இறக்குமதியானவை என்பதற்காக உத்தரவாதத்தை மறுப்பது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஒரே கண்டம், அடுத்தடுத்த தேசங்கள், வழவழப்பான சாலைகள். இத்தனை இருந்தும் ஒரு வாக்குறுதியை எல்லை தாண்டச் செய்ய அவர்களுக்குச் சட்டமும் நீதிமன்றமும் வேண்டியிருந்தன. நம் தேசத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல்தான் வந்தது.

அந்த 1985-ஆம் வருஷத்திலேதான் எங்கள் ஊரும் புதிதாகப் பிறந்த காமராஜர் மாவட்டத்தில் சேர்ந்தது. பெரியப்பாவின் வண்டி மறுபடியும் ஆடத் தொடங்கியதும் அப்போதே. பெரியப்பா காலமாகிவிட்டார். இடையில் ஊருக்கு அரசாங்கச் சிமெண்ட் ஆலை வந்து, தெருவில் ஜீப்புகளும் லாரிகளும் மலிந்து, எங்கள் ஆஸ்டின் கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் கொட்டகையிலிருந்து வெளியே வரும் வண்டியாகியிருந்தது. நான் அதை மெல்ல ஓட்டிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். பட்டறைக்காரரும் இல்லை, அவருடைய மகன், அதே லேத்தின் முன்னால், ஓர் அச்சு யந்திர ரோலரோடு மல்லாடிக்கொண்டிருந்தார். புஷ்ஷைத் தட்டி எடுத்தவர் அதன் உட்புறத்துக் கிரீஸ் வெட்டைச் சிறிது நேரம் பார்த்தார்.

“இது எங்க அப்பா வெட்டு. வேற யாரும் இந்தச் சாய்வுல வெட்ட மாட்டாக.”

வேலை முடிந்து நான் பணத்தை நீட்டியபோது அவர் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

“அப்பா கொடுத்தது ஆடுதுன்னு கொண்டாந்திருக்கீக. அதுக்கு நான் கூலி வாங்குறது முறையில்ல அண்ணாச்சி. கன்மெட்டலுக்கு மட்டும் குடுங்க.”

கொடுத்தேன். 1963-இல் பெரியப்பா உலோகத்துக்கும் கூலிக்குமாகச் சேர்த்துக் கொடுத்த தொகையைப்போல் அது பல மடங்கு இருந்தது.