சபைக்குப் பின் வந்த பேராயர்: மார்த்தாண்டம் வட்டாரச் சிறுசபைகளின் ஆன்மிகமும் கூட்டுவாழ்வும்

முன்னுரை

பேராயர் ஆளுகை உள்ள திருச்சபை மேலிருந்து கீழே கட்டப்பட்டது என்பது பொதுவான எண்ணம். முதலில் பேராயர், அவர் அமர்த்தும் ஆயர், ஆயர் கூட்டும் சபை என்று அந்த வரிசை போகும். குமரி மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள தென்னிந்தியத் திருச்சபைச் (சி.எஸ்.ஐ.) சபைகள் இந்த வரிசைக்குள் அடங்குவதில்லை. அவை பிறந்த தென் திருவிதாங்கூர் மிஷனின் முதல் ஆலயம் 1809இல் மயிலாடியில் எழுந்தது. பேராயர் என்ற பதவியோ 1947இல்தான் இங்கே வந்தது. இடைப்பட்ட 138 ஆண்டுகள் பேராயர் இல்லாமலே சபைகள் கூடின, பாடின, பிளவுபட்டன, மீண்டும் சேர்ந்தன.

இந்தக் கால முன்பின்னை வெறும் தேதி விவரமாகக் கொள்ள முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். இவ்வட்டாரச் சிறுசபையின் ஆன்மிகச் சிந்தனை பொதுமக்கள் கையில் வளர்ந்த கூட்டுப் பழக்கம். அதன் உயிர் பேராயத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் அதே சிறுசபை தன்னளவில் விடப்பட்டால் குடும்பமாகவும் சாதியாகவும் சுருங்கிவிடும். பேராயர் பதவிக்கு இங்கே உள்ள நியாயம் அந்தச் சுருக்கத்தைத் தடுப்பதில் இருக்கிறது. நிர்வாகம் செய்வதில் இல்லை.

1. ஆயர் இல்லாத ஞாயிறுகள்

தென் திருவிதாங்கூர் மிஷனை நடத்தியது 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனெரி சங்கம். அது மறு ஆண்டே ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டது. பேராயர் முறை, மூப்பர் முறை, சுயாதீனச் சபை முறை என எந்த ஆட்சி முறையையும் அயல்நாடுகளுக்குக் கொண்டுபோகக் கூடாது; சுவிசேஷத்தை மட்டும் சொல்ல வேண்டும்; சபை எப்படி அமைய வேண்டும் என்பதை அங்கே விசுவாசிகளாகிறவர்களே தீர்மானிக்க வேண்டும். சங்கத்தின் மிஷனரிகளில் பெரும்பாலோர் சுயாதீனச் சபை மரபினர் என்பதால் நடைமுறையில் அம்மரபின் சாயலே இங்கே படிந்தது. எனினும் அந்தக் கொள்கை ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது.

அக்கதவின் வழியே முதலில் நடந்தவர் மயிலாடி வேதமாணிக்கம். பறையர் சமூகத்தில் பிறந்த அவர் தஞ்சாவூரில் மிஷனரி கோலாஃபின் தொடர்பால் கிறிஸ்தவரானார். தம் ஊருக்குப் போதகர் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அப்படி 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே, பிரஷ்ய நாட்டு லூத்தரன். 1816இல் அவர் புறப்பட்டுப் போனார். அடுத்த மிஷனரி சார்ல்ஸ் மீட் வந்து பொறுப்பேற்கும்வரை சபைகளைப் பார்த்துக்கொண்டவர் வேதமாணிக்கம். தென் திருவிதாங்கூரின் திருச்சபை வரலாற்றில் பொதுமகன் ஒருவரின் தலைமை நெருக்கடியில் கிடைத்த தற்காலிக ஏற்பாடாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பின்னர் நடந்தவற்றைப் பார்த்தால் அதுவே அடிப்படை வடிவம் என்று தோன்றுகிறது. மீட் காலத்துக்குப் பிறகும் மிஷனரியின் வருகை சிற்றூருக்கு அரிது. ஓலைக்கூரையும் மண்சுவரும் கொண்ட ஆலயமே வாரநாளில் பள்ளிக்கூடம். அதன் ஞாயிறுகளை நடத்தியவர் குருப்பட்டம் பெறாத உபதேசியார். 1820களிலும் 1858–59இலும் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை ஒட்டி மூண்ட தோள்சேலைக் கலவரத்தில் ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டபோது சாம்பலருகே நின்று அடுத்த ஞாயிற்றைக் கூட்ட வேண்டியவர்கள் ஊர்க்காரர்களே.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே நிலைமை வேறு. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் மிஷன்களின் சபைகள் அச்சிட்ட ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்து வளர்ந்தன. இடையன்குடியின் கால்டுவெல்லும் பாளையங்கோட்டையின் சார்ஜன்டும் 1877இல் துணைப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றனர். 1896இல் திருநெல்வேலி தனிப் பேராயமாயிற்று. கணவாய்க்கு மேற்கே எழுதிவைத்த ஜெபம் குறைவு, மனசிலிருந்து வரும் ஜெபம் அதிகம். ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே நாடார் சமூகம், ஒரே வேதப்புத்தகம். இருந்தும் ஜெபிக்கும் பழக்கம் இரண்டாகப் பிரிந்தது. மேற்கே யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபிக்கலாம் என்ற உரிமை எழுத்து வாசனையில்லாத விசுவாசிக்கும் உரியதாக இருந்தது.

2. எவ்வகைப் பேராயர்?

1908இல் லண்டன் மிஷன் சபைகளும் அமெரிக்க மிஷன் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கியத் திருச்சபை உருவானது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய 33 ஊழியர்கள் ஆங்கிலிக்கன் சபையுடனும் ஒன்றாகலாம் என்று அறிக்கை விட்டனர். கூட்டத்தின் முக்கிய முகம் வேதநாயகம் சாமுவேல் அசரியா; வெள்ளாளன்விளையில் பிறந்து 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர். பேராயர் பதவியை ஏற்கலாம், ஆனால் சட்டதிட்டத்துக்கு உட்பட்ட வடிவில் என்பதே அந்த அறிக்கையின் நிபந்தனை. பேச்சுவார்த்தை முடிய 28 ஆண்டுகளாயிற்று. அசரியா 1945இல் மறைந்தார். இணைப்பு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் நடந்தது.

இந்த இணைப்பில் தென் திருவிதாங்கூர் சபைகள் எதைப் பெற்றன, எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பதில்தான் நம் கேள்விக்கு விடை உள்ளது. முன்பு பேராயரின் கை படாமல் பட்டம் பெற்ற ஊழியர்கள் மறுபடி அபிஷேகம் பெற வேண்டியதில்லை என்று முடிவானது. எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்ற உறுதிமொழி சாசனத்திலேயே இடம் பெற்றது. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் உயர்சபைக் குழுவினர் இவற்றையே குறையாகக் கண்டனர். மார்த்தாண்டம் பக்கத்துச் சபைக்கோ இந்த இரண்டும் இல்லாமல் பேராயரை ஏற்க முடிந்திராது. தென் திருவிதாங்கூரின் முதல் பேராயரான ஆர்னால்டு லெக் லண்டன் மிஷன்காரர் என்பதும் தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. 1956இல் விளவங்கோடு உள்ளிட்ட தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அந்த எல்லையைப் பின்பற்றி 1959இல் கன்னியாகுமரிப் பேராயமும் தனியானது.

பேராயர் இங்கே ஒப்பந்தத்தின் வழியாக வந்தார் என்பதே இதிலிருந்து பெறப்படுவது. ஒப்பந்தத்தால் வந்த பதவிக்கு மரபுரிமையின் கம்பீரம் இல்லை. அதன் தகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் சபைக்கு அது என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது.

3. வீட்டு ஜெபம் என்னும் சிந்தனைமுறை

ஆன்மிகச் சிந்தனை என்றதும் தனிமையும் மௌனமும் நினைவுக்கு வருகின்றன. மார்த்தாண்டம் வட்டாரத்தின் சிறுசபையில் அது பேச்சாக, பலபேர் நடுவே நடக்கிறது. வீட்டு ஜெபம் அதன் களம். மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டின் முன்னறையில் பாய் விரிக்கப்படும். முதியவர்களுக்கு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கீர்த்தனை, வேதவாசிப்பு, சிறு செய்தி, சாட்சி, பிறகு ஜெபக் குறிப்புகள். "எனக்க மவனுக்க விசா காரியத்த ஜெபத்தில வச்சுக்கணும்" என்கிற மாதிரி ஒவ்வொருவரும் சொல்வார்கள். வங்கிக் கடன், மகளின் நர்சிங் தேர்வு, ரப்பர் விலை, கணவரின் குடி, மருத்துவமனை முடிவு எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறும். அடுத்து ஒருவர் அத்தனையையும் பெயர் சொல்லி ஜெபத்தில் எடுப்பார். முடிவில் சுக்குக்காப்பியோ கட்டன் சாயாவோ வரும்.

இந்த வரிசையில் சிந்தனை நடக்கும் இடம் செய்தி அல்ல, ஜெபக் குறிப்பு. படித்த வசனத்தை எந்தக் கஷ்டத்தோடு பொருத்துவது என்பதை இங்கே கூட்டம் தீர்மானிக்கிறது. ஒருவருடைய துயரம் பொதுவில் சொல்லப்படுவதால் அது தெய்வச் சித்தம் பற்றிய கேள்வியாகவும் மறுநாள் யார் மருத்துவமனைக்குக் கூடப் போவது என்ற கேள்வியாகவும் ஒரே சமயத்தில் மாறுகிறது. தனித் தியானத்தால் இரண்டாவது கேள்வியை எழுப்ப முடியாது.

லண்டன் மிஷன் மரபில் லெந்து என்னும் தவக்கால நாட்களுக்கு இடமில்லை. சுயாதீனச் சபையினர் அதை அனுசரித்தவர்கள் அல்லர். திருச்சபை ஆண்டும் அதன் பருவங்களும் ஞாயிறுதோறும் குறிக்கப்பட்ட பாடங்களும் இணைப்பின் வழி வந்தவை. ஆனால் சிறுசபை அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. லெந்தின் நாற்பது நாட்களை அது வீட்டு ஜெபங்களால் நிரப்பியது. இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்துச் சபை சுற்றுகிறது. நாட்காட்டி பேராயத்துடையது, கூடம் குடும்பத்தாருடையது. இணைப்பு மாநாட்டு அறிக்கைகளில் எழுதப்பட்ட ஐக்கியம் நடைமுறையில் எப்படி நடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சபையில் ஜெபக் குறிப்பு கண்காணிப்பாகவும் ஆகும். சொல்லக் கூசும் கஷ்டத்தோடு வருகிறவர் மெல்ல வராமல் நின்றுவிடுகிறார். பக்கத்திலேயே இருக்கும் பெந்தெகொஸ்தே கூடாரங்களுக்குச் சபையார் செல்வதைப் போதனைக் குழப்பம் என்று மட்டும் விளக்குவது போதாது. முகம் தெரியாதவர் நடுவே அழ முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

4. ஏலத்தில் நிற்கும் பக்தி

தென் திருவிதாங்கூர் மதமாற்றத்தை ஆராய்ந்த டிக் கூய்மன், தம் 1989ஆம் ஆண்டு நூலில் பொருளாதார, சமூகக் காரணங்களுக்கு முதன்மை தருகிறார். அவர் விளக்கம் மக்கள் சபைக்குள் ஏன் வந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் விளக்குகிறது. மிஷனரியின் ஆதரவு நின்றபின்னும் அவர்கள் பேரன் பேத்திகள் ஏன் ஞாயிறுதோறும் வருகிறார்கள் என்பதை அது விளக்கவில்லை. பொருளும் பக்தியும் எதிரெதிர் என்று வைத்துக்கொண்டால் இந்த இடத்தில் ஆய்வு நின்றுவிடும். சிறுசபை இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்கிறது.

அறுப்பின் பண்டிகையைப் பார்த்தால் இது விளங்கும். ஏத்தங்குலை, செவ்வாழை, தேங்காய், மரச்சீனி, பலா, கோழி, முட்டை, சில இடங்களில் ரப்பர் ஷீட்டும் ஆலயத்துக்கு வருகின்றன. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவுகிறவர் சந்தையில் வியாபாரம் அறிந்தவர். யாருக்கு யாரோடு போட்டி என்பது அவருக்குத் தெரியும். ஒரு முட்டையை எடுத்தவர் அதைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வரும். நான்கைந்து கை மாறி முட்டையின் சந்தை விலையைப் பலமடங்கு தாண்டும். சந்தை ஊரான மார்த்தாண்டத்தின் மக்கள் விலை தெரியாமல் இதைச் செய்வதில்லை. விலையைத் தெரிந்தே மீறுவதுதான் அந்தச் சடங்கு. பெரிய ஏத்தங்குலையை வாங்கும் வெளிநாட்டுச் சம்பளக்காரரும் ஒரு முட்டையைக் கொண்டுவந்த விதவையும் ஒரே முற்றத்தில் கொடையாளிகளாகிறார்கள்.

பெண்கள் சமைக்கும்போது எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி இதன் அமைதியான வடிவம். பணக்காணிக்கை பெருகியபின் அது குறைந்துவிட்டது. குறைந்தது வருமானம் அல்ல. தன் பெயரில் வரவு எழுதப்படாமலே சபையைத் தாங்கியவர்களின் இடம். பெண்கள் ஐக்கிய சங்கங்களில் உழைப்பு குறையவில்லை என்றாலும் கணக்குக் கூட்டங்களில் அவர்கள் குரல் அதற்கேற்ப உயர்ந்ததாகச் சொல்ல முடியாது.

ஆலயத்துக்கு வெளியிலும் இந்த இணைவு நீண்டது. ஸ்பென்சர் ஹேட்சின் வழிகாட்டலில் 1920களில் மார்த்தாண்டத்தில் உருவான ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையம் தேனீ வளர்ப்பைச் சிறுவிவசாயிகளிடம் கொண்டுபோனது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்குப் பின்னால் அந்த முயற்சி உண்டு. அது சபை எல்லைக்குள் நில்லாமல் மத வேறுபாடின்றிப் பரவியது என்பது அடுத்த பகுதியின் கேள்விக்குத் தொடர்புடையது.

5. கையும் எல்லையும்

தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து முறை உலக அளவில் கவனம் பெற்றது. அதில் சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்குப் போகிறது: ஆயர் முன்வரிசையில் உள்ளவருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்கு, அப்படியே கடைசி வரிசைவரை. சுரியானி வழிபாட்டிலிருந்து எடுக்கப்பட்ட இந்தச் செயல் விளவங்கோட்டாருக்கு அந்நியமல்ல. சுரியானி மரபுச் சபைகள் அண்டையில் உள்ளன, 1996 முதல் மார்த்தாண்டமே சீரோ மலங்கரா கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமும் ஆகும். தீண்டாமை நிலவிய மண்ணில் தொடுதலையே வழிபாடாக்கிய முறைக்கு இறையியல் விளக்கம் தனியே வேண்டாம்.

ஆனால் அந்தக் கை எதுவரை போகிறது? பெரும்பாலான சிறுசபைகளில் ஊரெல்லையும் உறவெல்லையும் சாதியெல்லையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. நாடார் சபையில் கடைசி வரிசைவரை போன சமாதானம், சாலைக்கு அப்பால் உள்ள சாம்பவர் (பறையர்) சபைக்குப் போவதில்லை. அங்கே அது தனியாகத் தொடங்குகிறது. பறையரான வேதமாணிக்கத்தின் அழைப்பால் தொடங்கிய மரபு இது என்பதை நினைத்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பொதுமக்கள் தலைமை என்ற பலத்தாலேயே சிறுசபை இந்த எல்லையைத் தாண்டாது. தன்னைத்தானே ஆளும் உறவுக்கூட்டம் தன் எல்லையைத் தானாகத் திறந்த உதாரணங்கள் அரிது.

பேராயர் பதவிக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆயரை ஊர்மாற்றி அனுப்புவது, ஒரு சபையில் பட்டம் பெற்றவரை வேறு சமூகத்தார் நிறைந்த சபைக்கு மேய்ப்பராக்குவது, ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சேகரத்தின் பல சபைகளை ஒரே திருவிருந்துக்குக் கூட்டுவது, எளிய சபைக்கும் வசதியான சபைக்கும் நடுவே பொருளைப் பகிர்வது: இவை உள்ளூர்க் கூட்டத்தால் இயலாதவை, பேராயத்தால் இயல்பவை.

அண்மை ஆண்டுகளில் தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தல் தகராறுகள் நீதிமன்றத்தில் நின்றன. பேராயத் தேர்தலில் அணி சேர்வது சிறுசபைவரை இறங்கும்போது, வீட்டு ஜெபத்தில் யார் வீட்டுக்கு யார் போவது என்பதும் அணியாகிறது. எல்லையைத் திறக்க வேண்டிய பதவி சபைக்குள் புது எல்லை போடும் நிலை இது. சிலர் இதற்குத் தீர்வாகச் சுயாதீனச் சபை முறைக்கே திரும்பலாம் என்கிறார்கள். திரும்பினால் தேர்தல் சண்டை குறையலாம். சாலைக்கு அப்பாலுள்ள சபையோ இன்னும் தூரமாகும்.

முடிவுரை

மார்த்தாண்டம் வட்டாரச் சபைகளின் அனுபவம் இரண்டு எளிய முடிவுகளையும் மறுக்கிறது. பேராயரே சபையின் ஊற்று என்பது வரலாற்றால் நிற்காது. 138 ஆண்டுகள் அதற்கு எதிர்ச்சான்று. சபைக்குப் பேராயர் தேவையில்லை என்பது சமூகத்தால் நிற்காது. சாதியெல்லை அதற்கு எதிர்ச்சான்று. சிந்தனையும் ஜெபமும் கொடையும் வீட்டிலும் முற்றத்திலும் உருவாகின்றன. அவற்றை உறவுக்கு அப்பால் கொண்டுபோவது தனிப் பொறுப்பு. 1947இன் ஒப்பந்தம் அந்தப் பொறுப்பைப் பேராயரிடம் ஒப்படைத்தது. எனவே ஒரு பேராயரின் காலத்தை மதிப்பிட எத்தனை ஆலயம் கட்டப்பட்டது என்று எண்ணுவதைவிட, எத்தனை சபைகள் முன்பு உட்காராதவர்களோடு ஒரே திருவிருந்தில் உட்கார்ந்தன என்று கேட்பதே பொருத்தமான அளவுகோல்.